பாக்கிப் பட்டியல்

அக்டோபரில் கைப்பிடி கனத்தது.
முதலில் நாற்பது அழுத்தலுக்கு ஒரு வாளி,
அடுத்த வாரம் எழுபது.
பிறகு அடிபம்பு
ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல
இழுத்து இழுத்து
ஒரு காலையில் நின்றேவிட்டது.

நான் மலாவிக்கு வந்தது
நீர்க்குழுவுக்குக் கணினியில் கணக்கெழுதப் பழக்க.
அந்தக் கணினிக்கு மின்சாரம்
பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ஒரு முடிதிருத்தும் கடையில்.
சூரியத் தகட்டின் கீழ்
என் கணினியும் ஊர்ச் செல்போன்களும்
வரிசையாகப் படுத்திருக்கும்,
தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் மாதிரி.

மெக்கானிக் சவனங்வா சைக்கிளில் வந்தாள்.
கேரியரில் ஸ்பானர், கயிறு,
முதுகில் எட்டு மாதப் பிள்ளை.
பிள்ளையை அவிழ்த்து என் முதுகில் கட்டினாள்.
கேட்கவெல்லாம் இல்லை.
"கோலா" என்றாள்.
குடிக்கத் தருகிறாளாக்கும் என்று
வேண்டாம், நன்றி என்றேன்.
குழாயடியே சிரித்தது.
பிடி என்று அர்த்தமாம்.

பிடித்தேன்.
மண்ணுக்குள்ளிருந்து கம்பி கம்பியாக
முப்பது மீட்டர் ஏறி வந்தது,
ஒவ்வொன்றும் சில்லென்று.
கடைசியில் விரல்நுனியில் தூக்கிக் காட்டினாள்:
தேய்ந்த ஒரு ரப்பர் வளையம்.
உளுந்து வடையின் ஓட்டையை அடைக்கக்கூடக் காணாது.
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்
இதை நம்பி உலை வைத்திருக்கின்றன.

புது வளையம் முசூசுவில்.
போக ஒரு நாள், கடை திறக்க ஒரு நாள், வர ஒரு நாள்.
அதுவரை ஆற்று மணலில் குழி தோண்டி
ஊற ஊறக் கோப்பையால் மொண்டோம்.
இரண்டாம் இரவு நான் தூங்கிப்போனேன்.
விடிந்து ஓடினால்
என் மஞ்சள் பெயிண்ட் வாளி
வரிசையில் எட்டாவதாக நிற்கிறது.
இருட்டில் யாரோ
தன் வாளியை நகர்த்தும்போதெல்லாம்
அதையும் நகர்த்தியிருக்கிறார்கள்.
யார் என்று கேட்டேன்.
இது ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை லிலொங்வேக்குப் படிவம் போக வேண்டும்.
பயனாளிகள் எண்ணிக்கை:
வீட்டுக்கு ஆறு பேர் என்று பெருக்கினேன்,
ஆயிரத்து இருநூற்று எழுபத்திரண்டு.
தன்னார்வலரின் பங்களிப்பு, ஐந்து வரிக்கு மிகாமல்:
பிடித்தேன்
என்று எழுதினேன். அடித்தேன்.

அப்போது தையல் மெஷினை நிறுத்திவிட்டு
பொருளாளர் லுசுங்கு நோட்டோடு வந்தாள்.
வளையத்தின் விலை, பஸ் கட்டணம்,
காசாகக் கொடுத்தவர்கள்,
மக்காச்சோளமாகக் கொடுத்தவர்கள்.
சில பெயர்களின் பக்கத்தில் சின்ன வட்டம்:
வீட்டில் சாவு, இவ்வருடம் கேட்கக் கூடாது.
நான் கற்பிக்க வந்த மென்பொருளில்
அந்த வட்டத்துக்குக் கட்டமில்லை.

கடைசிப் பக்கம் பாக்கி.
மூன்றாவது பெயர், மங்காயா.
மங்கையர்க்கரசியில்
இவர்களால் தூக்க முடிந்த அளவு.

"ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்" என்றாள்.
"நீயும்தானே குடிக்கிறாய்."

அறுநூறு க்வாச்சா எண்ணிக் கொடுத்தேன்.
இருபது வருடம் தணிக்கையில் இருந்த வாய்
கூச்சமில்லாமல் ரசீது கேட்டது.
நோட்டைக் கிழிக்க அவளுக்கு மனமில்லை.
என் படிவத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் எழுதி
தேதியின் கீழ் இரண்டு கோடு போட்டுத் தந்தாள்.
அப்படியே உறையிலிட்டேன்.
அங்கே திருப்பிப் பார்ப்பார்களா, தெரியாது.

சவனங்வா வளையம் மாட்டிய அன்று
முதலில் செந்நிறமாக வந்தது,
வாழைக்குப் போயிற்று.
பிறகு தெளிந்தது.
எத்தனை அழுத்தலுக்கு ஒரு வாளி என்று
சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்தாறு, முப்பத்தேழு...
பின்னால் நின்ற தெம்வானானி
என் முழங்கையைத் தட்டினாள்.
வாளி வழிந்துகொண்டிருந்தது.